காற்று ஓட்டும், ஸ்பிரிங் நிறுத்தும்

உத்திரமேரூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். ஊர்க்காரர்களுக்கு ஏரி, நெல், கல்குவாரி, விடியற்காலையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ் என்று வரிசை வேறு. அந்த பஸ் வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுகளுக்கும் போகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு அதில் ஏறும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எட்டு மணி நேரமும் நிற்பது பவர் பிரஸ்ஸின் முன்னால். தகடு வைக்கிறார்கள், பட்டனை அழுத்துகிறார்கள், அடித்த பீஸை எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிளச் பிடிக்கிறது, ஒரு பிரேக் பிடிக்கிறது. அந்தக் கிளச்சும் பிரேக்கும் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்துத்தான் தயாரிப்பு எண்ணிக்கை, கரண்ட் பில், விரல்கள் எல்லாமே இருக்கின்றன.

காற்றழுத்தத்தில் இயங்கும் உராய்வு கிளச்சையும் பிரேக்கையும் பற்றி இயந்திரப் பொறியியல் பாடநூல்கள் ஓர் அத்தியாயம் ஒதுக்குகின்றன. அதில் பெரும்பங்கு முறுக்குவிசைக்கே போய்விடுகிறது: எவ்வளவு பெரிய தட்டு, எவ்வளவு அழுத்தம், எத்தனை முகங்கள். நிறுத்துவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்ற கேள்வி கடைசிப் பத்தியில் வரும், சில புத்தகங்களில் வராமலே போகும். என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஓட்டுவது சுலபம், நிறுத்துவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும்.

காற்றைக் கொண்டு வேலை வாங்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கிணறு வெட்டும்போது பாறையைத் துளைக்க டிராக்டர் கம்ப்ரசர் வருகிறது. குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர் நிற்கும்போது விடும் ‘புஸ்’ சத்தம் எல்லோருக்கும் பழக்கம். அந்த டிப்பரிலிருந்தே தொடங்கலாம்.

1869-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் செய்தபோது, என்ஜினிலிருந்து குழாய் வழியாகக் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்று அமைத்தார். நன்றாகவே பிடித்தது. ஆனால் பெட்டி கழன்று குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. அதாவது மிக அவசியமான நேரத்தில் கைவிடும் பிரேக். 1872-ல் அவர் ஏற்பாட்டை அப்படியே திருப்பிப் போட்டார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். காற்று இறங்கினால், குழாய் அறுந்து இறங்கினாலும் சரி, ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்துவைத்த காற்று பிரேக்கைப் பிடித்துவிடும். இன்றைய லாரியின் பார்க்கிங் பிரேக் இந்த யோசனையின் வாரிசு. சக்கரத்தருகே உள்ள சேம்பருக்குள் ஒரு கனத்த ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்தத் துடித்துக்கொண்டிருக்கிறது. காற்றுதான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. டாங்கியில் காற்று ஏறாமல் வண்டி நகராது என்று டிரைவர் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் வேரூன்றியது 1962-ல், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் சுந்தரம்-கிளேட்டன் தொடங்கியபோது. இரண்டே ஆண்டுகளில் பிரேக் லைனிங் செய்ய ரானே வந்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். காற்றும் உராய்வும் சேரும் பொறியியல் நம் பக்கத்து வீட்டுச் சரக்கு.

பிரஸ்ஸிலும் விதி அதுவே. கிளச்சைக் காற்று பிடிக்கும், பிரேக்கை ஸ்பிரிங் பிடிக்கும். கரண்ட் போனாலும், ஹோஸ் வெடித்தாலும், கம்ப்ரசர் நின்றாலும், ஆள் பட்டனிலிருந்து கையை எடுத்தாலும் இயந்திரம் நிற்கும் பக்கமே சாய வேண்டும். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் பவர் பிரஸ்ஸுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பிரேக்கை அழுத்துவது அமுக்க ஸ்பிரிங்காக இருக்க வேண்டும் என்று அது ஸ்பிரிங்கின் வகையைக்கூடச் சொல்கிறது. காரணம் எளிது. இழுவை ஸ்பிரிங் அறுந்தால் விசை முழுதும் போய்விடும். துளைக்குள் அல்லது கம்பிமேல் அமர்ந்த அமுக்க ஸ்பிரிங் உடைந்தாலும் இரண்டு துண்டுகளும் உள்ளேயே நின்று தள்ளிக்கொண்டிருக்கும். நல்ல வடிவமைப்பாளர் ஒரு பெரிய ஸ்பிரிங் வைக்கமாட்டார். எட்டு, பன்னிரண்டு என்று சின்னச் சின்னதாகச் சுற்றிவர வைப்பார். ஒன்று போனால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போகும்.

இதற்கு நேர் எதிரானது கீ கிளச். அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய சி-பிரேம் பிரஸ்களில் அதைப் பார்க்கலாம். பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பட்டறைகளில் பிறந்து, இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்து சேர்ந்தவை. கால் பெடலை மிதித்தால் ஒரு கீ புரண்டு ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் பூட்டிவிடும். பூட்டினால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை அவிழாது. பாதி வழியில் கையைக் கண்டாலும், அலறலைக் கேட்டாலும், மெயினை ஆஃப் செய்தாலும் தகட்டை அடிக்கும் ராம் கீழே வந்தே தீரும், ஃப்ளைவீலில் சேர்ந்த சக்தி அப்படி. கீயோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் மிதிக்காமலே இன்னொரு முறை அடிக்கும். ஆட்கள் இதை ‘ரிப்பீட் அடிக்குது’ என்பார்கள். மேலே கொண்டுபோய் நிறுத்த ஒரு பேண்டு பிரேக் எப்போதும் உரசிக்கொண்டேயிருக்கும், அது அவசரத்துக்கு உதவாது. இந்த வகைப் பிரஸ்ஸுக்கு முன்னால், கை குறுக்கிட்டால் அறியும் ஒளித்திரையான லைட் கர்ட்டன் மாட்டுவது வீண். ஒளி மறைந்ததைக் கண்டுபிடித்து என்ன பயன், நிறுத்த ஆள் இல்லையே.

சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற தலைப்பில் வெளியிட்டுவரும் அறிக்கைகள், வாகன உதிரிபாகத் தொழிலாளர்களின் கை, விரல் காயங்களுக்குப் பவர் பிரஸ்ஸே முதன்மையான காரணம் என்று திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அந்தக் கணக்கின் பெரும்பகுதி அரியானாவைப் பற்றியது. ஆனால் பிரஸ் அதே பிரஸ்தான், கீ அதே கீதான்.

ஒரு 40 டன் பிரஸ்ஸைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வடிவமைப்பு பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. 40 டன் பிரஸ். ராம் மேலும் கீழும் 120 மி.மீ. போகிறது. கீழ்ப் புள்ளிக்கு 4 மி.மீ. மேலே முழு 40 டன்னையும் தர வேண்டும். அந்த இடத்தில் கிராங்க் செங்குத்திலிருந்து சுமார் 21 டிகிரி விலகியிருக்கும். அங்கே தேவைப்படும் முறுக்குவிசை ஏறக்குறைய 8,600 நியூட்டன்-மீட்டர். கிராங்க் நிமிடத்துக்கு 60 சுற்று, கிளச் அமர்ந்திருக்கும் பின் ஷாஃப்ட் 300 சுற்று. ஐந்துக்கு ஒன்று கியர் என்பதால் கிளச்சுக்கு வரும் பங்கு சுமார் 1,720. கொஞ்சம் தாராளமாக, 1.3 மடங்கு வைத்தால் 2,240.

இப்போது தட்டு. லைனிங்கின் வெளி ஆரம் 200 மி.மீ., உள் ஆரம் 130, சராசரி 165. உராயும் முகங்கள் இரண்டு. உலர்ந்த லைனிங்கின் உராய்வு எண் 0.35 என்று வைப்போம். பிஸ்டன் வளையத்தின் வெளி விட்டம் 300, உள் விட்டம் 150. அதன்மேல் 5.5 பார் காற்று சுமார் 29,000 நியூட்டன் தள்ளும். அதில் 9,000 பிரேக் ஸ்பிரிங்குகளை அமுக்கவே செலவாகிவிடும். மிச்சம் 20,000 நியூட்டன் லைனிங்கைப் பிடிக்கிறது. விசை, உராய்வு எண், சராசரி ஆரம், முகங்களின் எண்ணிக்கை நான்கையும் பெருக்கினால் 2,330 நியூட்டன்-மீட்டர். போதும். லைனிங்மேல் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 0.28 நியூட்டன், லைனிங் தாங்கக்கூடியதே. அதே ஆரத்தில் பிரேக்குக்கு ஸ்பிரிங்கின் 9,000 நியூட்டன் கொடுப்பது 1,040 நியூட்டன்-மீட்டர்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. மத்தியானம் பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் பூத் ஓடத் தொடங்கி, லைனில் காற்று 4 பாருக்கு இறங்கினால்? அழுத்தம் கால்பங்கு சொச்சம் குறைந்ததற்கு முறுக்குவிசையும் அவ்வளவே குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்பிரிங் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. கணக்குப் போட்டால் கிளச்சுக்கு மிஞ்சுவது 1,410. நாற்பது சதவீதம் போச்சு. தேவையான 1,720-க்குக் கீழே வந்துவிட்டது, அடிக்கும்போது கிளச் நழுவும், நழுவினால் கருகும். அதனால்தான் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் பிரஷர் ஸ்விட்ச் இருக்க வேண்டும், அழுத்தம் குறைந்தால் அடுத்த ஸ்ட்ரோக் தொடங்கவே கூடாது. பிரஸ்ஸுக்கு அருகிலேயே தனியாக ஒரு சிறு டாங்கியும் வேண்டும். தொலைவில் கம்ப்ரசர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அரை நொடிக்குள் காற்றைக் கொண்டுவந்து கொட்டுவது பக்கத்து டாங்கிதான்.

அழுத்தம் குறைந்தால் ஆபத்து என்றதும் சில சூப்பர்வைசர்கள் ரெகுலேட்டரைத் திருகி 7 பாருக்கு ஏற்றிவிடுகிறார்கள். கனத்த தகடு வந்தால் இது வழக்கமான கைவைத்தியம். அதன் விளைவு இரண்டு. இந்தக் கிளச் 7 பாரில் 3,250 நியூட்டன்-மீட்டர் கடத்தும்; கிராங்கில் அது 16,000-ஐத் தாண்டும், தாங்க வேண்டிய அளவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. டையில் இரண்டு தகடு மாட்டிக்கொண்டால் நழுவி இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டிய கிளச், இப்போது கிராங்க்கையும் பிரேமையும் உடைக்கும்வரை விடாது. உராய்வு கிளச்சின் பெரிய நன்மையே அளவுக்கு மேல் போனால் நழுவிக்கொடுப்பது, அதை நாமே கெடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது விளைவு நிறுத்தும் நேரம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நிறுத்தும்போது நடப்பவை

பட்டனிலிருந்து கை எடுத்த கணத்திலிருந்து வரிசையாகப் பார்ப்போம். ரிலே விடுபட வேண்டும். சோலனாய்டு வால்வு திரும்ப வேண்டும். சிலிண்டரில் உள்ள காற்று வால்வு வழியே வெளியேற வேண்டும். நம் பிரஸ்ஸில் பிஸ்டன்மேல் உள்ள அழுத்தம் 5.5-லிருந்து 1.7 பாருக்குக் கீழே இறங்கும்வரை ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் திருப்பித் தள்ளவே முடியாது. 7 பாரிலிருந்து இறங்க வேண்டுமென்றால் இன்னும் நேரமாகும். அதற்குப் பிறகுதான் பிஸ்டன் நகரும், கிளச் விடும், இடைவெளியைக் கடக்கும், பிரேக்கைத் தொடும். முழுப் பிடி கிடைப்பது காற்று ஏறக்குறைய முழுதாகக் காலியான பிறகு.

பின் ஷாஃப்டில் சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 2 கிலோகிராம்-சதுரமீட்டர் என்று வைத்தால், 1,040 நியூட்டன்-மீட்டர் பிரேக் அதை 300 சுற்றிலிருந்து நிறுத்த 0.06 நொடி போதும். அதற்குள் கிராங்க் திரும்புவது 11 டிகிரி. ஆனால் ரிலேவும் வால்வும் காற்று வெளியேறுவதும் சேர்ந்து 0.1 நொடி எடுத்துக்கொண்டால், அந்த நேரத்தில் கிராங்க் 36 டிகிரி போய்விடும். பிரேக் வேலை செய்யும் நேரத்தைவிட, பிரேக் வேலை தொடங்கக் காத்திருக்கும் நேரம் நீளம். பெரிய பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. பிரேக்கை இரட்டிப்பாக்கினால் ஐந்தாறு டிகிரி மிச்சமாகும். காற்று வெளியேறும் வழியை அகலமாக்கினால் பத்து, பதினைந்து.

ஆகவே நல்ல வடிவமைப்பில் வால்வு கிளச்சுக்கு ஒட்டியே இருக்கும். குழாய் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். சுழலும் ஷாஃப்டுக்குள் காற்றைச் செலுத்தும் ரோட்டரி யூனியனின் துளை குறுகலாக இருக்கக்கூடாது. உள்ளே நுழையும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்கும். பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. காற்று குறைவாக இருந்தால் சீக்கிரம் காலியாகும். லைனிங் தேயத் தேயப் பிஸ்டன் அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது, அந்த இடமும் பெருகுகிறது, நிறுத்தும் நேரமும் நீள்கிறது. பிரேக் பக்கம் ஸ்பிரிங் நீண்டு விசையும் குறைகிறது. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளந்து ஷிம் எடுப்பது மெக்கானிக்கின் வழக்கமான வேலை. அது உயிர் காக்கும் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

இதில் எல்லோரும் மறப்பது சைலன்சர். வால்விலிருந்து காற்று வெளியேறும் வாயில் கட்டைவிரல் தடிமனில் மாட்டியிருக்கும் சின்னப் பொருள். சத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. காற்றில் வரும் எண்ணெய்த் துளியும் லைனிங் தூசியும் அதன் நுண்துளைகளில் அப்பி, சில மாதங்களில் கறுத்த களிம்பாக அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கிளச் பிடிப்பதில் எந்த வித்தியாசமும் தெரியாது, தயாரிப்பும் குறையாது. நிறுத்தும் நேரம் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். ‘புஸ்’ என்று வெளியேற வேண்டிய காற்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்தால் காதிலேயே தெரிந்துவிடும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகும். புதியது வாங்கினாலும் பெரிய செலவில்லை.

நிறுத்தும் நேரம் எதற்கெல்லாம் அடிப்படை என்று பார்த்தால் இந்தக் கவலை புரியும். அபாயத்தை நோக்கி நீளும் கை நொடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துத்தான் லைட் கர்ட்டனும் இரு கைப் பட்டனும் டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்க விதியில் அதே அளவு நொடிக்கு 63 அங்குலம் என்று இருக்கிறது. மொத்த நிறுத்தும் நேரம் 0.2 நொடி என்றால் தூரம் 320 மி.மீ. புதுப் பிரஸ் வந்த அன்று அப்படி அளந்து மாட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து லைனிங் தேய்ந்து, சைலன்சர் அடைத்து, ரெகுலேட்டரையும் 7-ல் வைத்து நேரம் 0.3 ஆகியிருந்தால் தேவை 480 மி.மீ. கர்ட்டன் இன்னும் 320-லேயே நிற்கிறது. பச்சை விளக்கும் எரிகிறது. கை ஜெயித்துவிடும், கர்ட்டன் தோற்றுவிடும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ராம் மேலே எங்கே நின்றது என்று கேம் ஸ்விட்ச் பார்த்து, அளவைத் தாண்டினால் அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்கும் பிரேக் மானிட்டர் இதற்காகத்தான். சில இடங்களில் அதை பைபாஸ் செய்துவைத்திருக்கிறார்கள், ‘அடிக்கடி ட்ரிப் ஆகுது’ என்ற காரணத்தோடு. ட்ரிப் ஆவதுதான் அதன் வேலை.

வால்வுக்கும் இதே பிடிவாதம் வேண்டும். ஒற்றைச் சோலனாய்டு வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் கிளச் விடாது, பிரஸ் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் பிரஸ்ஸுக்கு இரட்டை வால்வு. உள்ளே இரண்டு வால்வுகள் சேர்ந்து திறந்தால்தான் காற்று போகும். ஒன்று சிக்கினாலும் மற்றது காற்றை வெளியேற்றிவிடும். ஒன்று சிக்கியதை உணர்ந்து அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்கும் அமைப்பும் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்று செத்ததே தெரியாமல் மற்றதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவோம். இரட்டை வால்வு வாங்கிய பணம் வீண். பழைய கீ கிளச்சை எடுத்துவிட்டு நியூமேட்டிக் கிளச் மாட்டித் தரும் பட்டறைகள் பல உண்டு. அவர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது இந்த வால்வில். ஒற்றை வால்வு போட்ட நியூமேட்டிக் கிளச் பாதி சீர்திருத்தம்தான்.

சூடும் ஈரமும்

முறுக்குவிசைக்குப் போதுமான தட்டு, சூட்டுக்குப் போதாமல் போகலாம். ஒவ்வொரு முறை கிளச் பிடிக்கும்போதும், நின்றிருந்த பாகங்களை 300 சுற்றுக்கு ஏற்ற எவ்வளவு சக்தி செலவாகிறதோ, ஏறக்குறைய அதே அளவு லைனிங்கில் சூடாகிறது. நம் பிரஸ்ஸில் அது சுமார் 1,000 ஜூல். நிறுத்தும்போது பிரேக்கில் இன்னொரு 1,000. நிமிடத்துக்கு 30 ஸ்ட்ரோக் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை கிளச் கவருக்குள் வைத்து ஷிப்ட் முழுதும் போட்டுவைத்த மாதிரி. அதனால்தான் தட்டுகளில் விசிறி போல விரிந்த காற்று வழிகள், அலுமினிய வார்ப்பு, திறந்த கூண்டு. வேகம் கூடினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். சுழலும் பாகத்தின் எடையை, குறிப்பாக வெளி விளிம்பில் உள்ள எடையைக் குறைப்பதே சூட்டைக் குறைக்கச் சிறந்த வழி. ஃப்ளைவீல் கனமாக இருக்கலாம், அது எப்போதும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. கிளச்சின் ஓடும் பக்கம் கனக்கலாம், நின்று நின்று கிளம்பும் பக்கம் இலேசாக இருக்க வேண்டும்.

கிளச்சும் பிரேக்கும் தனித்தனியாக இருக்கும் அமைப்பில் இன்னொரு சூட்டு வழி உண்டு. பிரேக் விடுவதற்குள் கிளச் பிடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நேரத்தைச் சரிசெய்ய வால்வுகளை முன்பின் வைக்க வேண்டும், அது தேய்மானத்தோடு தடம் மாறும். ஒரே பிஸ்டன் இரு பக்கமும் நகர்ந்து ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்கும் கூட்டு அமைப்பில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. நடுத்தர அளவு பிரஸ்களில் கூட்டு அமைப்பு பெருகியதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. விலை இரண்டாம் பட்சம்.

லைனிங் விஷயத்தில் பழைய காலத்துக்கு ஏங்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் சூட்டைத் தாங்கியது உண்மை. அதன் தூசி நுரையீரலைக் கெடுத்ததும் உண்மை. பழைய பிரஸ்ஸின் கிளச்சைத் திறந்து ஏர் ஹோஸால் ஊதிச் சுத்தம் செய்வதை இன்றும் பார்க்கிறோம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஊதவே கூடாது.

லைனிங்மேல் எண்ணெய் பட்டால் உராய்வு எண் 0.35-லிருந்து 0.2-க்கு இறங்கக்கூடும். அப்போது நம் கிளச் கடத்துவது 1,330 மட்டும், பிரேக் நிறுத்த எடுக்கும் நேரம் 0.06-லிருந்து 0.1-ஐத் தாண்டும். எண்ணெய் வருவது பெரும்பாலும் பக்கத்து பேரிங்கின் சீலிலிருந்து, அல்லது காற்றை வடிகட்டி, அழுத்தம் சரிசெய்து, எண்ணெய் சேர்க்கும் எஃப்.ஆர்.எல். யூனிட்டில் லூப்ரிகேட்டரைத் தாராளமாகத் திறந்துவிட்டவரின் கையிலிருந்து. வால்வுக்கு எண்ணெய் தேவைதான், சொட்டுக் கணக்கில்.

தண்ணீர் நம் மாவட்டத்துக்கே உரிய பிரச்சினை. கடல் தூரமில்லை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 32 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு சுமார் 27 கிராம் நீராவி இருக்கும். அதை 6 பாருக்கு அழுத்திக் குளிரவிட்டால் ஏழு கன மீட்டர் ஒன்றாகச் சுருங்கும். நீராவியால் அந்த இடத்தில் அடங்க முடியாது, பெரும்பகுதி தண்ணீராகச் சொட்டும். நம் பிரஸ் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மூன்று லிட்டர் காற்று குடிக்கிறது என்று வைத்தால், ஒரு ஷிப்டில் அது மட்டுமே டாங்கியிலும் குழாயிலும் இறக்கும் தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு 40 டன் பிரஸ்ஸுக்கு! டிரெயின் காக்கைத் தினமும் திறக்காத பட்டறையில் அந்தத் தண்ணீர் வால்வுக்குப் போய்த் துருவாகிறது. துரு வால்வைச் சிக்கவைக்கிறது. ஐரோப்பாவில் எழுதிய பராமரிப்புக் கையேட்டில் வாரம் ஒருமுறை என்றிருந்தால் இங்கே ஷிப்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொள்ள வேண்டும். முதன்மைக் குழாயிலிருந்து இணைப்பை மேல்பக்கமாக எடுத்துக் கீழே வளைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

பிரஸ்ஸுக்கு வெளியே

பிரஸ்ஸுக்கு வேகம்தான் எல்லாம். மற்ற இயந்திரங்களுக்கு அப்படியில்லை. சிமெண்ட் ஆலையின் பால் மில் பல டன் குண்டுகளோடு நின்றிருக்கும். அதை மோட்டாரோடு நேராகக் கட்டினால் கிளம்பும்போது கரண்ட் வயரையே சுட்டுவிடும். மோட்டாரை முதலில் சும்மா ஓடவிட்டு, பிறகு கிளச்சுக்குள் காற்றை மெல்ல மெல்ல நிரப்பி மில்லை எழுப்புவார்கள். இங்கே குழாயில் வேண்டுமென்றே தடை வைக்கிறோம். இந்த வேலைக்குப் பெயர்போனது 1930-களில் அமெரிக்காவின் தாமஸ் ஃபாவிக் வளர்த்தெடுத்த ஏர்ஃப்ளெக்ஸ் வகை. டயர் போன்ற ரப்பர் ட்யூபுக்குள் காற்று ஏறினால் அது உள்நோக்கி உப்பி, லைனிங் கட்டைகளை டிரம்மின்மேல் இறுக்கும். இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையிறக்கிய கப்பல்களின் டீசல் என்ஜின்களுக்கும் அது போனது. ஷாஃப்டுகள் கொஞ்சம் விலகியிருந்தாலும் ரப்பர் பொறுத்துக்கொள்ளும். வேகம் கூடினால் லைனிங் கட்டைகள் வெளியே வீசப்பட்டுப் பிடி குறையும், ரப்பர் சூட்டில் முதிரும். இந்த இரண்டு குறைகளால் அது பிரஸ் பக்கம் தட்டு வகைக்கு இடம் விட்டது.

காகிதம், துணி, பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல்களை அவிழ்க்கும் இடத்தில் பிரேக் நிறுத்துவதற்கே இல்லை. இழுவிசையைச் சீராக வைக்க இடைவிடாமல் நழுவிக்கொண்டே இருக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வாட் சூட்டைக் கழிக்கும் என்பது. மிகப் பெரிய, மிக வேகமான பிரஸ்களில் காற்றை விட்டு எண்ணெயில் மூழ்கிய பல தட்டுக் கிளச்சுக்குப் போய்விட்டார்கள். எண்ணெய் சூட்டை எடுத்துப்போகும், தேய்மானம் மிகக் குறைவு, தூசி இல்லை. ஒரகடத்துப் பெரிய ஆலைகள் அதை வாங்கும் வசதி உள்ளவை. உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் மூன்றாம் அடுக்குப் பட்டறைக்கு இன்னும் பல ஆண்டுகள் உலர்ந்த தட்டும் காற்றும்தான் கதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியாகச் செய்தால் அது போதுமான தொழில்நுட்பம்.

ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவிலேயே சொல்லப்பட்டது. தடுப்புக் கூண்டு கண்ணுக்குத் தெரியும், ஆய்வாளருக்கும் தெரியும். நிறுத்தும் நேரம் கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். அளக்கும் கருவி இன்று கையடக்கமாகவே கிடைக்கிறது. பல பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், சிட்கோ எஸ்டேட் சங்கங்கள் இதை எடுத்துச் செய்யலாம்.

புதிதாகவோ பழையதாகவோ பிரஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டன் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவு, மோட்டார் எத்தனை எச்.பி. என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதும்போது, முழு வேகத்தில், கிராங்க் 90 டிகிரியில் இருக்கும்போது நிறுத்தும் நேரம் எத்தனை மில்லி செகண்ட் என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். வந்து இறங்கிய அன்று விற்றவரை வைத்தே அளந்து, அந்த எண்ணைப் பிரஸ்ஸின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து அதன் கீழே எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டு போனால் முதலில் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள், பிறகு லைனிங்கை.